ஈஸ்டர் வேண்டாம் என்று சொன்னவன்

ஒரு காலி ஃபோல்டரை மாதக்கணக்கில், ஒரு நாள் தவறாமல், பத்திரமாகப் பிரதி எடுத்து, சுருக்கி, பக்கத்து மெஷினுக்கு அனுப்பி, "வேலை வெற்றிகரமாக முடிந்தது" என்று எனக்கு நானே மெயிலும் போட்டுக்கொண்டவன் நான். காலையில் அந்த மெயிலைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பேன். அதில் ஒரு திருப்தி. ஊரில் எத்தனையோ முட்டாள்கள் இருக்கலாம். ஆனால் ஒன்றுமில்லாததை இவ்வளவு ஒழுங்காகக் காவல் காத்த முட்டாள் தாம்பரம் வட்டாரத்தில் இன்னொருவன் இருப்பதாக எனக்குத் தகவல் இல்லை.

அந்தக் காலி ஃபோல்டரில் இருந்திருக்க வேண்டியது, ஆறு வயதுப் பையன் ஒருவன் பேசக் கற்றுக்கொண்ட விவரம்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஓய்வு பெற்றவன் அனுபவம் எழுதுகிறான் என்றால், ஏதோ ஞானி பேசப்போகிறார் என்று படிப்பவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். தயவுசெய்து சாய்ந்தே உட்காருங்கள்.

என்னை எழுத வைத்தவன் தினேஷ். நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது டேட்டாபேஸ் பொறுப்பில் இருக்கிறான். ஊழியர்களுக்காக அவர்கள் நடத்தும் இதழில் பழைய ஆட்கள் ஏதாவது எழுத வேண்டுமாம். போன் பண்ணினான்.

"சார், இப்போல்லாம் ஏஐ கிட்ட 'கன்டெய்னர்ல ஒரு டேட்டாபேஸ் போட்டுக் கொடு'ன்னு கேட்டா, டீ ஆறதுக்குள்ள கொடுத்துடுது. உங்க காலத்துல எப்படிப் பண்ணீங்கன்னு எழுதுங்களேன். பசங்க சிரிப்பாங்க."

"சிரிக்கணும்னா என் போட்டோவைப் போடுடா, போதும்."

"அதேதான் சார். இதே மாதிரி எழுதுங்க."

இதே மாதிரி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

என் ஆரம்ப காலத்தில் பெருமைக்கு ஒன்றுமில்லை. டிப்ளமோ முடித்தேன். பல்லாவரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து, இந்த வாரம் கற்றதை அடுத்த வாரம் அதே சென்டரில் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். பிறகு தோல் ஏற்றுமதி செய்யும் ஓரிடத்தில் சம்பளக் கணக்கு. பிறகு கிழக்குத் தாம்பரத்தில் இந்தக் கம்பெனி. கிளினிக், ஸ்கேன் சென்டர், தெரபி நிலையம் என்று சின்னச் சின்ன இடங்களுக்கு மென்பொருள் செய்து கொடுத்து, அவர்களுடைய தகவலையும் எங்கள் மெஷினிலேயே வைத்துப் பாதுகாப்பது எங்கள் தொழில். 'பாதுகாப்பது' என்று எழுதும்போது கை கொஞ்சம் கூசுகிறது.

டேட்டாபேஸ் என்றால் அட்டவணை அட்டவணையாகத் தகவல். ஒன்றில் குழந்தையின் பெயர். இன்னொன்றில் அது வந்த நாட்கள். மூன்றாவதில் அன்றன்று நடந்தது. மூன்றும் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தக் கைகள் விடுபடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். ஸ்கூல் டூருக்குக் கூட்டிப் போகும் பி.டி. மாஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். விசில் மட்டும் கிடையாது.

என் மேலதிகாரி ஸ்டெல்லா மேடம். கம்பெனியின் மெஷின்கள் எல்லாம் அவர் பொறுப்பு. இந்தத் துறைக்கு வருமுன் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்தவர். கஞ்சி போட்ட காட்டன் புடவை. அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட மாட்டார், தோளில் ஊக்கால் குத்திக்கொள்வார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு கேள்வி கேட்பார், கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அதற்குத் திட்டினாலே தேவலை என்றிருக்கும். சிரிப்பு வந்தால் கைக்குட்டையால் வாயை மூடிக்கொள்வார். அந்தக் கைக்குட்டை எழும்பி வாய்க்குப் போகிறதா என்று பார்ப்பதற்காகவே நான் பாதி நாட்கள் ஆபீசுக்குப் போயிருக்கிறேன்.

மேடத்துக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு.

எதையாவது அழிக்கும் கமாண்டாக இருந்தால், டைப் பண்ணிவிட்டு எண்டர் தட்டக் கூடாது. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கமாண்டை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் நின்று கேட்க வேண்டும். அவர் தலையாட்டினால்தான் கை மறுபடி கீபோர்டுக்கு வரலாம்.

இன்னொன்று இதைவிடக் கொடுமை. புதிதாக எந்த டேட்டாபேஸை அமைத்தாலும், நிஜத் தகவல் அதற்குள் போகுமுன் அதை நாமே கொன்றுவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து நிற்பார். "அழிங்க" என்பார். அழிக்க வேண்டும். பிறகு எடுத்து வைத்திருக்கும் பிரதியிலிருந்து திங்கட்கிழமைக்குள் அதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

"காப்பி எடுத்து வெச்சிருக்கேன்னு சொல்றது நம்பிக்கை, சேகர். எழுப்பிக் காட்டறதுதான் வேலை."

வெள்ளிக்கிழமை சாவு, அப்புறம் உயிர்த்தெழுதல். சும்மா இருப்பேனா? அதற்கு 'ஈஸ்டர்' என்று பெயர் வைத்தேன். "ஆண்டவருக்கே ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் டைம். நமக்கு மேடம் ஒரு நாள் கிரேஸ் கொடுத்திருக்காங்க" என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது மேடத்தின் காதுக்கும் போனது. கைக்குட்டை எழும்பியது. ஆபீஸில் எல்லோரும் "இந்த வாரம் ஈஸ்டரா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மேடம் மட்டும் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. 'எழுப்பிப் பாக்கிறது' என்றுதான் சொல்வார்.

இப்படி இருக்கும்போது கன்டெய்னர் வந்தது. நான் அதை டப்பா என்றுதான் சொல்வேன்.

அதற்கு முன்பெல்லாம் ஒரு டேட்டாபேஸை மெஷினில் நிறுவுவது சம்பந்தி வீட்டாரைச் சமாளிப்பது மாதிரி. அது கேட்கும் துணை மென்பொருள் இருக்காது. அதைப் போட்டால் ஏற்கெனவே இருப்பது கோபித்துக்கொள்ளும். இரண்டையும் சமாதானப்படுத்தி முடிப்பதற்குள் பொழுது போய்விடும். டப்பா இந்தப் பேஜாரையெல்லாம் ஒரே வரியில் தீர்த்துவிட்டது. தேவையானதெல்லாம் உள்ளேயே அடைத்து வரும். ஒரு வரி அடித்தால் டேட்டாபேஸ் ஓடும். பிடிக்கவில்லையா, தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று.

இதில் ஒரே ஒரு சூட்சுமம். டப்பா என்பது லாட்ஜ் ரூம் மாதிரி. காலி செய்தால் ரூமைக் கூட்டிப் பெருக்கிவிடுவார்கள். உள்ளே விட்டதெல்லாம் போச்சு. ஆகவே தகவலை டப்பாவுக்கு வெளியே, மெஷினில் தனியாக ஓரிடத்தில் வைக்க வேண்டும். அந்த இடத்துக்கு வால்யூம் என்று பெயர். டப்பாவை ஓட்டும்போதே, "உள்ளே தகவல் உட்காரும் இந்த ஃபோல்டர் உண்மையில் வெளியே அந்த வால்யூமில் இருக்கிறது" என்று இணைத்துவிட வேண்டும். அப்புறம் டப்பா செத்தாலும் தகவல் பிழைக்கும்.

ஐம்பதைத் தாண்டியவன் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்ப்பானே, அந்த நிலையில் இருந்தேன். ஆபீஸில் சின்னப் பையன்கள்கூடத் தயங்கினார்கள். நான் தயங்கவில்லை. பொழிச்சலூரில் இருந்த ஒரு பேச்சுப் பயிற்சி நிலையத்தின் டேட்டாபேஸை முதல் ஆளாக டப்பாவுக்கு மாற்றினேன். வால்யூமும் வைத்தேன். அதற்கு அழகாகப் பெயரும் வைத்தேன். டப்பாவை நிறுத்தி ஓட்டிப் பார்த்தேன், தகவல் இருந்தது. மெஷினையே அணைத்துப் போட்டேன், இருந்தது. திங்கட்கிழமை மீட்டிங்கில் போய், வேலை முடிந்தது என்றேன்.

"எழுப்பிப் பாத்தீங்களா?" என்றார் மேடம்.

"நிறுத்தி ஓட்டிப் பாத்தேன் மேடம். அப்படியே இருக்கு."

"நிறுத்தறது வேற. டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு, புதுசு வெச்சுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். கால் மணி நேர வேலை. ஆனால் அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். வாயில் ஒன்று வந்து நின்றுவிட்டது. வந்ததை விழுங்கிப் பழக்கமில்லை.

"மேடம், இதுக்குச் சாவே கிடையாது. நெனச்ச நேரத்துல பொறந்துகிட்டே இருக்கும். இனிமே நமக்கு ஈஸ்டர் வேண்டாம், கிறிஸ்துமஸ் மட்டும் போதும். கேக் மட்டும் நீங்க கொண்டு வந்துடுங்க."

அறை அதிர்ந்தது. ஒருத்தன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நான் மேடத்தின் கையைப் பார்த்தேன். கைக்குட்டை மடியிலேயே இருந்தது. மேடம் லேசாகப் புன்னகைத்தார். சிரிக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இந்த முறை காத்திருக்கவில்லை.

"சரி. அடுத்தது" என்றார்.

அவருக்குக் கீழ் நான் வேலை பார்த்த காலம் முழுவதிலும், தான் கேட்ட கேள்விக்குப் பதில் வாங்காமல் அவர் விட்டது அன்று ஒரு நாள்தான். ஜெயித்துவிட்ட நினைப்பில் அன்று கேன்டீனில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து, மென்பொருள் மெதுவாக ஓடுகிறது என்று அந்த நிலையத்திலிருந்து அழைத்தார்கள். நேரில் போனேன். தனி வீட்டின் கீழ்த்தளம். பேச்சு தாமதமாகும் குழந்தைகள் வருவார்கள். நடத்துபவர் வசந்தி டீச்சர். ஏர்போர்ட்டில் இறங்கும் விமானங்கள் மொட்டை மாடியை உரசிக்கொண்டு போவது போலப் போகும். டீச்சர் பேச்சின் நடுவில் விரலைத் தூக்குவார், விமானம் தாண்டும்வரை நிற்பார், விட்ட எழுத்திலிருந்து தொடர்வார். குழந்தைகளும் அதே மாதிரி விரலைத் தூக்கும்.

அங்கேதான் ஜோயலைப் பார்த்தேன். பம்மலிலிருந்து அவன் அம்மா ஷீபா கூட்டி வருவார். புதிதாகச் சேர்ந்திருந்தான். நான் மெஷினைக் குடைந்துகொண்டிருக்கும்போது டீச்சர் அவனைப் பற்றி எழுதியது திரையில் இருந்தது. 'இன்று "ப" வந்தது. ஊஞ்சலில் இருக்கும்போது மட்டும். நாற்காலியில் உட்கார வைத்தால் வாயை மூடிக்கொள்கிறான். சிவப்புப் பந்தைக் காட்டக் கூடாது.'

"ஏன் டீச்சர் இவ்ளோ கஷ்டப்படறீங்க? 'நல்ல முன்னேற்றம்'னு ஒரு பட்டன் வெச்சுக் கொடுத்துடட்டுமா? ஒரு தட்டு, முடிஞ்சுது."

டீச்சர் சிரிக்கவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார். "நாலு மாசம் கழிச்சுப் படிச்சா, நல்ல முன்னேற்றம்னா என்னன்னு எனக்கே புரியாது சார். ஊஞ்சல்னா புரியும்."

மாதங்கள் போயின. வெற்றி மெயில் தினமும் வந்தது. காபி நன்றாகவே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை வசந்தி டீச்சர் போன் பண்ணினார்.

"சார், ஜோயலோட அப்பாவுக்குக் கோயம்புத்தூர் டிரான்ஸ்ஃபர். அடுத்த வாரம் கிளம்பறாங்க. அங்க ஒரு தெரபிஸ்ட் கிட்ட பேசியாச்சு. அவன் குறிப்பு மொத்தமும் வேணும்னு கேக்கறாங்க. இங்க பிரிண்ட் கொடுத்தா பாதிதான் வருது."

"அவ்வளவும் வேணுமா டீச்சர்?"

"எது எப்படி வந்துச்சுன்னு தெரியலைன்னா அவங்க முதல்லேருந்து ஆரம்பிப்பாங்க சார். முதல்லேருந்து ஆரம்பிச்சா இவன் மூடிக்குவான். இப்பதான் வாக்கியமா பேசறான்."

"நாளைக்கு ஒரு சின்ன அப்டேட் இருக்கு டீச்சர். அதை முடிச்சுட்டு, திங்கட்கிழமை பைண்ட் பண்ணியே கொடுத்துடறேன். அதுக்குள்ள எங்க ஓடிடப் போகுது?"

மறுநாள் சனிக்கிழமை. ஆபீஸ் பாதி காலி. மேடத்தின் சொந்தத்தில் கல்யாணம், சர்ச்சுக்குப் போயிருந்தார். வேலை சின்னதுதான். டேட்டாபேஸின் புதுப் பதிப்பு வந்திருந்தது. பழைய டப்பாவை நிறுத்த வேண்டும், தூக்கிப் போட வேண்டும், புதுப் பதிப்பின் டப்பாவை அதே வால்யூமோடு இணைத்து ஓட்ட வேண்டும். தூக்கிப் போடும் கமாண்டை அடித்துவிட்டுக் கையை மடியில் வைத்தேன். பக்கத்தில் யாருமில்லை. வாய்விட்டுப் படித்தேன். நானே கேட்டேன். நானே தலையாட்டிக்கொண்டேன்.

புது டப்பா எழுந்தது. திறந்து பார்த்தேன். அட்டவணை ஒன்றுகூட இல்லை. குழந்தைகள் இல்லை, நாட்கள் இல்லை, குறிப்புகள் இல்லை. புதிதாக வெள்ளையடித்த வீடு மாதிரி இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த நிமிடம்வரை ஜோயலின் குறிப்புகள் அழியவில்லை. அதே மெஷினில், அதே டிஸ்கில், முழுசாக இருந்தன.

நடந்தது இதுதான். தகவல் உட்காரும் ஃபோல்டரை வால்யூமோடு இணைக்க வேண்டிய நான், அதற்கு ஒரு படி மேலே இருந்த ஃபோல்டரை இணைத்திருந்தேன். ரூமுக்கு வைக்க வேண்டிய பூட்டை வராந்தாவுக்கு வைத்துவிட்டு வந்திருக்கிறேன். டப்பா என்னைவிட நல்லது. தகவல் ஃபோல்டரை இந்த ஆள் கவனிக்கவில்லை என்று தெரிந்து, தானாகவே பெயரில்லாத ஒரு வால்யூமை உண்டாக்கி, எல்லாவற்றையும் அதில் வைத்திருந்தது. வாயில் நுழையாத எழுத்துக் குவியல்தான் அதற்கு அடையாளம். நிறுத்தி ஓட்டினால் டப்பா அதை ஞாபகம் வைத்திருக்கும். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வைத்தால், புதிய டப்பாவுக்கு அந்த விஷயமே தெரியாது. அது தனக்கென்று இன்னொரு பெயரில்லாததை உண்டாக்கிக்கொள்ளும். பழையது அநாதையாக மூலையில் கிடக்கும். கிடக்கும், அவ்வளவுதான். சாகாது. அன்று நான் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, மெதுவாகத் தேடியிருந்தால் கிடைத்திருக்கும்.

நான் முகம் கழுவப் போகவில்லை. பதற்றத்தில் எனக்குச் சுத்தம் பண்ணத் தோன்றும், அது ஒரு வியாதி. பழைய டப்பாவின் குப்பை ஏதோ ஒட்டிக்கொண்டு புதியதைக் குழப்புகிறது, எல்லாவற்றையும் பெருக்கிவிட்டு முதலிலிருந்து வைத்தால் சரியாகிவிடும் என்று எனக்குள் ஒரு மேதை சொன்னான். உபயோகத்தில் இல்லாத வால்யூம்களை மொத்தமாகத் துடைக்கும் கமாண்ட் ஒன்று உண்டு. அடித்தேன். 'நிச்சயமாகவா?' என்று அது கேட்டது. ஆம் என்றேன். மடியாவது கையாவது. இவ்வளவு இடம் மீட்கப்பட்டது என்று திரையில் வந்தது. பெரிய அளவு. பரவாயில்லையே, இவ்வளவு குப்பையா இருந்தது என்று சந்தோஷப்பட்டேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். அந்தக் குப்பை ஏன் ஒரு டேட்டாபேஸ் அளவுக்கு இருக்கிறது என்று யோசிக்கத் தெரியவில்லை.

மறுபடி டப்பா வைத்தேன். காலி. போகட்டும், பிரதி இருக்கிறதே என்று பக்கத்து மெஷினைத் திறந்தேன். ஒவ்வொரு நாளின் பிரதியும் வரிசையாக நின்றது. எல்லாம் ஒரே அளவு. எறும்பு அளவு. ஒன்றைப் பிரித்தேன். உள்ளே ஒரு ஃபோல்டர். அதன் பெயர் 'டேட்டா'. அதற்குள் ஒன்றுமில்லை. அடுத்ததைப் பிரித்தேன். அதற்கடுத்ததைப் பிரித்தேன். நான் பெயர் வைத்த வால்யூமைத்தான் பிரதி எடுக்கச் சொல்லியிருந்தேன். அதில் என்ன இருந்ததோ அதைத்தான் அது எடுத்தது.

மேடத்துக்குப் போன் பண்ணினேன்.

பட்டுப் புடவையோடு, தலையில் பூவோடு, ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் கல்யாண வீட்டில் கொடுத்த சின்ன கேக் பெட்டி இருந்தது. அதை என் மேஜைமேல் வைத்தார். இரண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை.

"கையை மடியில வைங்க."

வைத்தேன்.

"கடைசியா அழிச்ச கமாண்டைப் படிங்க."

படித்தேன்.

"பக்கத்துல யார் இருந்தாங்க?"

"யாரும் இல்ல மேடம்."

காத்திருந்தார்.

"அதுக்கு முன்னாடி வரைக்கும் இருந்துச்சு, இல்ல?"

"இருந்துச்சு மேடம்."

அவ்வளவுதான் கேட்டார். மெஷினை அணைக்கச் சொன்னார். அழிந்ததை மீட்டுத் தருகிறவர்களிடம் டிஸ்க் போனது. துண்டு துண்டாக ஏதோ வந்தது, வரி என்று படிக்க ஒன்றுகூட இல்லை. டப்பாவுக்கு மாறுவதற்கு முன்பு எடுத்த பழைய பிரதி பத்திரமாக இருந்தது. பழைய குழந்தைகளின் பழைய குறிப்புகள் திரும்பின. ஜோயல் சேர்ந்ததே மாற்றத்துக்குப் பிறகு. அந்தப் பிரதியில் அவன் பெயர்கூட இல்லை.

மறுபடி அந்தச் சனிக்கிழமைக்கே வருகிறேன். "வசந்தி டீச்சர்கிட்ட பேசறேன் மேடம்" என்று போனை எடுத்தேன்.

"போன்ல சொல்லாதீங்க. நேர்ல போங்க."

"இல்ல மேடம், முதல்ல ஒரு வார்த்தை…"

"போன்ல நீங்க ஜோக் அடிப்பீங்க, சேகர்."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை. ஒத்திகையில் வந்ததெல்லாம் ஜோக்காகவே வந்தது. மேடம் என்னைச் சரியாகத்தான் தெரிந்துவைத்திருந்தார்.

ஷீபாவும் அங்கே இருந்தார். ஜோயல் ஓடிவந்து என் ஹெல்மெட்டை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு, ஊஞ்சலில் போய் உட்கார்ந்தான்.

"பிரிண்ட் கொண்டு வந்துட்டீங்களா சார்? திங்கட்கிழமைன்னீங்க?" என்றார் டீச்சர்.

"டீச்சர், அந்தக் குறிப்பு எல்லாம்…"

விமானம் வந்தது. டீச்சர் விரலைத் தூக்கினார். ஷீபா தூக்கினார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஜோயலும் தூக்கினான். நான் அரை வாக்கியத்தோடு நின்றேன். மூன்று பேரும் நான் விட்ட இடத்திலிருந்து சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு நீளமான விமானம் நான் பார்த்ததில்லை.

"…போயிடுச்சு."

"போயிடுச்சுன்னா?"

"அழிஞ்சுடுச்சு. நான்தான் அழிச்சேன்."

"ஜோயலோடதுமா?"

தலையாட்டினேன்.

டீச்சர் உட்கார்ந்துவிட்டார். ஷீபாதான் பேசினார், என்னிடம் அல்ல. "எந்த வார்த்தைக்கு அழுவான்னு அதுலதானே டீச்சர் இருந்துச்சு?"

யாரும் என்னைத் திட்டவில்லை. டீச்சர், "ஞாபகம் இருக்கிற வரைக்கும் எழுதுவோம்" என்றார். நான் டைப் பண்ணுகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார்.

டீச்சர் சொல்லச் சொல்ல அடித்தேன். 'ப' முதலில் ஊஞ்சலில். சிவப்புப் பந்து கூடாது. 'ம' எப்போது வந்தது?

"கண்ணாடி முன்னாடி நிக்க வெச்சப்போ" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர், நீங்க தண்ணி ஊத்தி விளையாட விட்டீங்களே, அன்னிக்கு."

"அது 'த' இல்லையா?"

"'த' அதுக்கு அப்புறம் டீச்சர். இல்ல… அதுக்கு முன்னாடியா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தகவலைக் காப்பவன் அல்லவா, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேலைக்கு வந்த நாளிலிருந்து, ஒரே விஷயத்துக்கு இரண்டு பதில் அட்டவணையில் இருக்கக் கூடாது என்று எல்லோரிடமும் சண்டை போட்டவன் நான். அன்று இரண்டையும் அடித்தேன். கண்ணாடி அல்லது தண்ணீர். இப்படியே போய், மாதக்கணக்கான குறிப்பு சில பக்கங்களில் முடிந்தது. பாதி வரிகளில் 'அல்லது' இருந்தது.

அதைத்தான் அவர்கள் கோயம்புத்தூருக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். பைண்ட் பண்ணியே கொடுத்தேன். சொன்ன சொல் அல்லவா.

பிறகொரு நாள் டீச்சரிடம் கேட்டேன். "அங்க முதல்லேருந்துதான் ஆரம்பிச்சாங்களாம். மூடிக்கிட்டான்னு ஷீபா சொன்னாங்க" என்றார். அதற்குமேல் எனக்குத் தெரியாது. அந்த நிலையம் வேறு கம்பெனியிடம் போய்விட்டது. ஷீபாவின் நம்பர் என்னிடம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த எண்ணை அழுத்தப் போய், என்ன கேட்பது என்று தெரியாமல் வைத்துவிடுவேன். ஜோயல் இப்போது பெரிய வகுப்புக்கு வந்திருப்பான். வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். சரிபார்க்காமலே நினைத்துக்கொள்வதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

நடந்தது பற்றி முதலாளிக்கு மேடம் அறிக்கை எழுதினார். என் தவறுகளை ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். முடிவில் ஒரு வரி: 'எழுப்பிப் பார்க்காமல் அனுமதித்தது நான்.' அந்த வரியை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். "நடந்ததுதானே?" என்றார்.

நடந்தது அதுவல்ல என்று எனக்குத் தெரியும். அவர் அனுமதிக்கவில்லை. ஓர் அறை நிறையச் சிரிப்பை நான் அவர் பக்கம் திருப்பிவிட்டேன், அதை எதிர்த்துக் கேள்வி கேட்க அன்று அவருக்கு மனம் வரவில்லை. ஃபோல்டரில் ஒரு படி தப்புவது யாருக்கும் நடக்கும். துடைக்கக் கூடாததைத் துடைத்தவர்களும் இந்தத் தொழிலில் ஏராளம். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்ட ஒரே ஆளை, அவர் சாமியை இழுத்து ஜோக் அடித்து வாயடைத்தேனே, அதற்குத்தான் இன்றுவரை எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை.

அதன்பிறகு ஈஸ்டர் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை. நானே முன்னால் நின்று நடத்தினேன். நான் ஜோக் அடிப்பதையும் நிறுத்தவில்லை. நிறுத்தப் பார்த்தேன், மூச்சு முட்டியது. ஆனால் கைக்குட்டை அதற்குப் பிறகு எழும்பவே இல்லை. மேடம் ஓய்வு பெற்ற அன்று என்னைத்தான் பேசச் சொன்னார்கள். ஹால் அதிரச் சிரித்தது. அவர் மாலையில் உதிர்ந்த இதழ்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் தினேஷ் இன்னொரு விஷயம் சொன்னான். அந்த டேட்டாபேஸின் இப்போதைய பதிப்பில் ஏற்பாட்டையே மாற்றிவிட்டார்களாம். நான் அன்று தப்பாக இணைத்தேனே, ஒரு படி மேலே இருக்கும் ஃபோல்டர், இப்போது அதைத்தான் இணைக்க வேண்டுமாம். "நீங்க காலத்துக்கு முன்னாடி இருந்திருக்கீங்க சார்!" என்றான். சிரித்தேன். போனை வைத்த பிறகு, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தூக்கிய அந்தச் சின்ன விரல்தான் கண்ணில் நின்றது.

அன்றைக்கே இந்தக் கட்டுரையை இதுவரை எழுதி முடித்து, ஸ்டெல்லா மேடத்துக்கு அனுப்பிவைத்தேன். மேடவாக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். கூடவே வாட்ஸ்அப்பில் நீளமாக ஒரு கடிதம். அந்த மீட்டிங்கில் நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அப்போது கேட்டிருக்க வேண்டியது, தைரியம் வரவில்லை என்று எழுதினேன். கோபம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். ரொம்பக் கனமாகப் போகிறதே என்று, கடைசியில் கொஞ்சம் நல்ல சேதியும் சேர்த்தேன்: இரும்புலியூரில் எங்கள் காலனிச் சங்கத்துக்கு இப்போது நான்தான் டேட்டாபேஸ் வைத்துக் கொடுத்திருக்கிறேன் மேடம், உறுப்பினர் விவரம், தண்ணீர் லாரி முறை எல்லாம் அதில்தான், டப்பாவில்தான் ஓடுகிறது, வால்யூமை மூன்று தடவை சரிபார்த்து இணைத்திருக்கிறேன், தினமும் பிரதி போகிறது, காலையில் வெற்றி மெயில் வருகிறது, உங்களிடம் கற்றதை மறக்கவில்லை.

நீல டிக் விழுந்தது. வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. அவருடைய காத்திருப்பு எனக்குப் பழக்கம்தான். பிறகு ஒரு வரி வந்தது.

"ஈஸ்டர் பண்ணியாச்சா, சேகர்?"